பாம்பன் தீவில் ஒரு பகல்

இராமேஸ்வரத்துக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள், சுவாமி தரிசனம் முடிந்த மறுநாளைத் தீவைச் சுற்றிப் பார்ப்பதற்கென்று ஒதுக்கி, அதற்காகத் தனியே ஒரு வேனையோ காரையோ நாள் வாடகைக்குப் பேசிக்கொள்ளும் வழக்கம் சமீப வருஷங்களில் வெகுவாகப் பெருகியிருக்கிறது. பஸ்ஸுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, முன்பின் அறியாத கூட்டத்தின் அவசரத்துக்கு ஈடுகொடுத்து ஓட வேண்டியதில்லை, குழந்தைகளும் முதியவர்களும் தங்கள் சௌகரியம்போல் இறங்கி ஏறலாம் என்பதனால் இது வரவேற்கத் தக்க வழக்கமே. ஆனால் காசு கொடுத்து வாங்கிய அந்தச் சுதந்திரத்தை, வண்டி புறப்பட்ட அரை மணி நேரத்துக்குள்ளாகவே, விடுதிகளில் அச்சடித்துக் கொடுக்கும் 'பார்க்க வேண்டிய இடங்கள்' என்ற ஜாபிதாவிடம் ஒப்படைத்துவிடுகிறோம். ஓரிடத்தில் பத்து நிமிஷம், ஒரு போட்டோ, மறுபடியும் வண்டி என்று பகல் முழுவதும் ஓடி முடிந்த பிறகு நினைத்துப் பார்த்தால், ஜன்னல் வழியாகக் கடலை எத்தனையோ தடவை கண்டிருந்தும், ஒரு தடவையாவது அதன் அருகே நிதானமாக நின்றோம் என்று சொல்ல முடிவதில்லை. தீவில் கழிக்கும் ஒரு பகலைக் காற்றையும் கடலையும் கேட்டுத் திட்டமிட வேண்டுமே யொழிய, ஜாபிதாவைக் கேட்டு அல்ல என்பதே என் திடமான அபிப்பிராயம்.

இந்தத் தீவின் விசேஷமே அது இரண்டு கடல்களுக்கு நடுவே கிடப்பதுதான். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. தனுஷ்கோடிப் பக்கத்து மீனவர்கள் முன்னதைப் பெண் கடல் என்றும் பின்னதை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். அதை வைத்துக்கொண்டு ஒன்று சதா காலமும் சாந்தமாயிருக்கும், மற்றொன்று சதா காலமும் ஆவேசமாயிருக்கும் என்று வெளியூர்க்காரர் நினைத்துவிடக் கூடாது. ஆனி, ஆடி, ஆவணியில் தென்மேற்குக் காற்று பலமாக வீசும்போது தென்கடல் கொந்தளித்து, வடகடல் தீவின் மறைவில் அடங்கியிருக்கும். ஐப்பசிக்குமேல் வாடை பிறந்துவிட்டாலோ, வடகடல் எழும்பத் தொடங்கித் தென்கடல் தணியும். கடலோரக் கிராமங்களில் ஒரு சிறுவனுக்கும் தெரிந்த இந்த உண்மையை அறியாமல், ஜூலை மாதத்து விடுமுறையில் தென்கடல் படகுக்கு ஆசைப்பட்டு வந்து, படகு விடமாட்டோம் என்று சொன்னவர்களோடு வாக்குவாதம் செய்துவிட்டு ஊர் திரும்புகிறவர்கள் அநேகர். இரண்டு கடலும் ஓரளவு அமைதியாயிருந்து, வெயிலும் கொளுத்தத் தொடங்காத மாசி மாதமும் பங்குனியின் முற்பகுதியுமே ஒரு பகலில் தீவைக் காண்பதற்கு உத்தமமான காலம். குளிர்காலத்துக்கு வந்த பறவைகளில் பல அப்போதும் தங்கியிருக்கும். பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் பருவமும் அதுவேதான்.

பகலின் முதற்பகுதியைக் கடலுக்குக் கொடுப்பதே புத்திசாலித்தனம். சூரியன் ஏற ஏறக் காற்றும் கூடவே ஏறும், நீரும் கலங்கும். பாம்பனுக்குத் தெற்கே, சுவாமி விவேகானந்தர் 1897 ஜனவரி 26 அன்று வந்து இறங்கியதன் நினைவாக மண்டபம் எழுப்பியிருக்கும் குந்துகாலிலிருந்து, வனத்துறையின் ஏற்பாட்டில் குருசடைத் தீவுப் பக்கம் படகு போகிறது. மன்னார் வளைகுடாவின் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவைச் சேர்ந்த 21 தீவுகளில் குருசடை ஒன்று. அளவில் மிகச் சிறியதாயினும் உயிரியல் படித்தவர்களிடையே அதன் கீர்த்தி பெரிது. சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் 1890-இல் இந்த வளைகுடாவின் முத்து, சங்கு, கடலுயிர்கள் பற்றிக் குறிப்புகள் வெளியிட்டார். அதே அருங்காட்சியகம் குருசடையின் கரையோர உயிரினங்களைப் பற்றி 1927-இல் ஒரு தனி நூலே கொண்டுவந்தது. முதுகெலும்பு இல்லாத பிராணிகளுக்கும் உள்ள பிராணிகளுக்கும் இடையே நிற்பதாகக் கருதப்பட்டு, எத்தனையோ தலைமுறை மாணவர்கள் பாடப் புத்தகத்தில் படம் வரைந்து மனனம் செய்த பெலனோகிளாஸஸ் என்ற உயிர், இந்தத் தீவின் மணற்சேற்றில் வளை தோண்டி வாழ்கிறது. பள்ளியில் படிக்கும் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர் இந்த ஒரு செய்தியை முன்கூட்டிச் சொல்லிவைத்தால், படகில் போகும் பிள்ளையின் கண் தானாகவே தண்ணீருக்குள் திரும்பும்.

அப்படித் திரும்பும் கண்ணுக்கு அங்கே நிரம்ப விருந்து உண்டு. தெளிந்த காலை வேளையில், படகின் நிழல் விழும் இடத்தில் குனிந்து பார்த்தால், முதலில் பழுப்பும் பச்சையுமாய் ஒரு கலக்கந்தான் தெரியும். கண் பழகிய பிறகு அது மான்கொம்பு மான்கொம்பாய்க் கிளைத்த பவளமாகவும், மூளைபோல் மடிப்பு மடிப்பான உருண்டையாகவும், அவற்றின் இடுக்கில் நுழைந்து வெளிப்படும் சிறு மீன் கூட்டமாகவும் பிரிந்து வரும். மீனவர்கள் 'பார்' என்று அழைக்கும் இந்தத் திட்டுகளில் உயிரோடிருப்பது மேலே படர்ந்த மெல்லிய தோல் மட்டுமே. அடியிலிருக்கும் கல் முழுவதும் அதன் முன்னோர்கள் விட்டுச் சென்ற சுண்ணாம்பு. மன்னார் வளைகுடாவில் 117 வகைப் பவளங்கள் கணக்கிடப்பட்டிருக்கின்றன. சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பல பத்தாண்டுகள் அவற்றை வெட்டி வண்டி வண்டியாக எடுத்துச் சென்றதன் பலனாக, பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் அலையைத் தடுக்கும் அரண் இழந்து நீருக்குள் அமிழ்ந்துவிட்டன. சட்டம் வந்து வெட்டுவது நின்ற பிறகு, 2010-இலும் 2016-இலும் கோடையில் கடல் நீர் அளவுக்குமீறிச் சூடேறி, திட்டுத் திட்டாகப் பவளங்கள் வெளுத்துப்போயின. இத்தனை இடர்ப்பட்டு எஞ்சியிருப்பதன்மேல் செருப்புக் காலோடு ஏறி நின்று படம் பிடித்துக்கொள்வதும், ஞாபகார்த்தமாக ஒரு கிளையை ஒடித்துப் பையில் போட்டுக்கொள்வதும், சட்டப்படி குற்றம் என்பது ஒரு புறமிருக்க, மனிதத் தன்மைக்கே அடாத காரியம்.

சாகசம் என்ற பெயரில் இன்று விற்கப்படும் சமாசாரங்களைப் பற்றியும் கண்டிப்பாகச் சில வார்த்தைகள் சொல்லியாக வேண்டும். சாகசத்துக்கு நான் விரோதியல்லன். கயாக் என்னும் சிறு துடுப்புப் படகில் அமர்ந்து, அலை தாழ்ந்த வடகடலின் ஓரத்தில் தன் கையாலேயே துழாவிச் செல்லும் ஒரு மணி நேரம், பட்டணத்துப் பிள்ளைக்குத் தன் உடம்பைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் எத்தனையோ கற்றுக்கொடுக்கும். கண்ணாடியும் மூச்சுக்குழாயும் அணிந்து இடுப்பளவு நீரில் மிதந்து பார்ப்பதும் அத்தகையதே. காற்றாடியைப் பிடித்துக்கொண்டு நீர்மேல் சறுக்கும் விளையாட்டுக்கு இந்தத் தீவின் இரு பருவக் காற்றுகளும் ஏற்றவை என்பதால், அதைப் பயில வெளிநாட்டாரும் இங்கே வருகிறார்கள். ஆனால் அது நாட்கணக்கில் பயில வேண்டிய வித்தை, ஒரு பகலில் தொட்டுப் பார்த்துவிட்டு வரும் சங்கதி அல்ல. இவற்றில் எதுவானாலும், மிதவைச் சட்டை உடம்புக்குச் சரியாக இருக்கிறதா, அதன் வார்கள் இற்றுப் போகாமல் இருக்கின்றனவா, படகில் ஏறுவோரின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டா, கூட வருபவருக்கு நீச்சலும் அந்தத் துறையின் நீரோட்டமும் தெரியுமா என்று விசாரித்தறிந்த பிறகே பணம் கொடுக்க வேண்டும். விசாரிப்பதற்குக் கூச்சப்படுகிற சுபாவம் நம்மவர்களுக்கு அதிகம். கடற்கரையில் அந்தக் கூச்சம் ஆகாது. இரண்டு கடலும் சந்திக்கும் அரிச்சல்முனையில் இறங்கிக் குளிப்பதோ சாகசமே அன்று. கரையிலிருந்து சில அடி தூரத்திலேயே ஆழமும் இழுப்பும் மாறிவிடும் அந்த இடத்தில், நன்றாக நீந்தத் தெரிந்தவரும் தப்பிவிடுவார் என்பதற்கு உத்தரவாதமில்லை.

நடுப்பகலில் எங்கும் போக வேண்டாம். நிழலில் உண்டு, இளைப்பாறி, வெயில் தணியத் தொடங்கியதும் தனுஷ்கோடிக்குப் புறப்படலாம். பாம்பனில் 1914-ஆம் வருஷத்து ரயில் பாலத்துக்குப் பதிலாக 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டு, நடுப்பகுதி செங்குத்தாக மேலெழும் புதிய பாலத்தை வரும்போதே பார்த்திருப்பீர்கள். அதற்காகச் சாலைப் பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்தி மற்றவர் வழியை மறிக்க வேண்டாம்.

தனுஷ்கோடி வேறு விதமான இடம். இராமேஸ்வரத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் நீளும் அந்த மணல் நாக்கில், ஒரு காலத்தில் ரயிலிலிருந்து இறங்கி இலங்கைக்குக் கப்பல் ஏறும் துறைமுக நகரம் இருந்தது. 1964 டிசம்பர் 22 இரவில் வந்த புயலும் கடலும் அந்த நகரத்தை அழித்து, வந்துகொண்டிருந்த ரயிலையும் அதிலிருந்தவர்களோடு கொண்டுபோயின. இடிந்து நிற்கும் மாதா கோவிலின் சுவர்களை உற்றுப் பார்த்தால் அவற்றில் பவளக் கற்களின் நுண்ணிய துளைகள் தெரியும்; காலையில் கடலடியில் உயிரோடு கண்டதே மாலையில் சுவராக நிற்கிறது. இந்தச் சுவர்களின்மேல் பெயர் கிறுக்குவதும், ஏறி அமர்ந்து ஆரவாரம் செய்வதும், இறந்தவர்களுக்குச் செய்யும் அவமரியாதை. அங்கே குடிசைகளில் வாழும் மீனவக் குடும்பத்தினர் கடலிலிருந்து சில கஜ தூரத்தில் மணலைத் தோண்டி, ஊறிவரும் நல்ல தண்ணீரை முகந்து குடத்தில் நிரப்புவதைப் பொறுமையோடு ஒரு பத்து நிமிஷம் நின்று பாருங்கள். உப்புக் கடல் இருபுறமும் சூழ, மழைநீர் மணலுக்குள் தங்கித் தித்திப்பாய்ச் சுரக்கும் அந்த ஊற்றைக் காட்டிலும் ஆச்சரியமான காட்சி ஜாபிதாவில் இல்லை.

போகும் வழியில், கோதண்டராமர் கோவிலை அடுத்த ஆழமற்ற நீர்ப்பரப்புகளில், பருவம் வாய்த்தால் பூநாரைகள் வரிசையாக நின்று அலகைக் கவிழ்த்து இரை தேடும். தமிழக அரசு 2025 ஜூனில் தனுஷ்கோடிப் பகுதியில் சுமார் 525 ஹெக்டேர் பரப்பைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது போற்றத் தக்க செய்கை. ஆனால் சரணாலயத்தின் ஊடே, 2017-இல் அரிச்சல்முனை வரை போட்டு முடிக்கப்பட்ட தார்ச் சாலையில், விடுமுறை நாட்களில் வண்டிகள் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு ஊர்ந்து, ஒலிப்பானை அலறவிட்டுக் கொண்டிருக்கும் நிலை நீடிக்குமானால், அந்த அறிவிப்பால் பறவைக்கு என்ன பயன்? சொந்த வண்டிகளை வழியிலுள்ள முகுந்தராயர் சத்திரத்தோடு நிறுத்திவிட்டு, அங்கிருந்து அரசாங்கமே மின்சார பஸ் விடலாம். நாளொன்றுக்கு இத்தனை பேர் என்று வரம்பு வைக்கலாம். தனி வண்டியில் வருகிறவர்களுக்கு இது அசௌகரியமே என்றாலும், பொறுத்துக்கொள்ளத் தக்க அசௌகரியம்.

இன்னொரு விஷயத்தை நாம் போதிய அளவு யோசிப்பதில்லை. ஒரு பகலில் நாம் செலவிடும் பணம் யார் கைக்குப் போய்ச் சேருகிறது? இந்தத் தீவைச் சுற்றிய கடலில், விரல்களில் துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, மூச்சை அடக்கி முழுகிக் கடற்பாசி எடுத்துப் பிழைக்கும் பெண்கள் பல நூறு பேர் இருக்கிறார்கள். பாசி மறுபடியும் தழைப்பதற்காக மாதத்தில் சில நாட்கள் மட்டுமே எடுப்பது என்று தமக்குத் தாமே கட்டுப்பாடு விதித்துக்கொண்டவர்கள் அவர்கள்; அவர்களில் ஒருவரான, சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்கான சர்வதேச சீகாலஜி பரிசு கிடைத்தது. கடலைப் பற்றி இவர்களுக்குத் தெரிந்ததில் பத்தில் ஒரு பங்கு எந்த வழிகாட்டிப் புத்தகத்திலும் கிடையாது. நாட்டுப்படகுக்காரர் ஒருவரையோ, பாசி எடுக்கும் குடும்பத்தைச் சேர்ந்த இளைஞன் ஒருவனையோ ஒரு பகலுக்குத் துணையாக அமர்த்திக்கொண்டு, பேசிய கூலியைக் குறைக்காமல் கொடுப்பது, யாத்திரையின் மற்றெல்லாச் செலவுகளையும்விட நல்ல செலவு. இத்தகையவர்களுக்குப் பயிற்சியும் அடையாளச் சீட்டும் வழங்கி, சுற்றிக் காட்டும் தொழிலில் முதல் உரிமை அவர்களுக்கே என்று விதி செய்வது மாவட்ட நிர்வாகத்துக்குக் கடினமான காரியமன்று.

ஆகவே, வரும் மாசியில் தீவுக்குப் போக உத்தேசித்திருப்பவர்கள், ஜாபிதாவின் பன்னிரண்டு இடங்களை மூன்றாகக் குறைத்துக்கொள்ளுங்கள்: காலையில் தென்கடல், நடுவில் ஓய்வு, மாலையில் தனுஷ்கோடி, இடையில் வேண்டுமானால் பிள்ளைகளுக்கு வடகடலோரத்தில் ஒரு மணி நேரத் துடுப்பு. பொழுது சாயுமுன் அரிச்சல்முனையிலிருந்து வண்டிகள் திரும்பிவிட வேண்டும் என்ற நடைமுறையை மனத்தில் வைத்துக்கொண்டு புறப்படுங்கள். எல்லாவற்றுக்கும் முன்பாக, முதல் நாள் மாலையே குந்துகால் கரைக்குப் போய், வலை சரிபார்த்துக்கொண்டிருக்கும் பெரியவர் ஒருவரிடம் நாளைக்குக் காற்று எப்படி என்று கேளுங்கள். கடல் சரியில்லை என்று அவர் சொன்னால், முன்பணம் போனாலும் போகட்டும், படகு ஏறாதீர்கள்.