அப்பாவின் வண்டிக்கு எந்தப் பெட்ரோல்?

கரும்பு வெட்டும் என் அப்பா திண்டிவனம் பங்க்கில் விலை கூடின பெட்ரோல் போட்டுவிட்டு, "இன்ஜினீயரு, இனிமே வண்டி நல்லா இழுக்கும் இல்ல?" என்றார். எங்கள் வீட்டில் முதன்முதலில் படிக்க வந்தவன் நான். பதில் சொல்லியாக வேண்டுமே! ஆக்டேன் என்பது சக்தி அல்ல. அமுக்கும்போது தானாகத் தீப்பிடித்து 'நாக்கிங்' அடிக்காமல் தாங்கும் குணம். அவருடைய ஸ்பிளெண்டரின் கம்ப்ரஷன் ரேஷியோ 9.9:1தான். சாதா பெட்ரோலே குறைந்தது 91 ஆக்டேன். 20 சதம் எத்தனால் கலந்தது 95. (மைலேஜ் கொஞ்சம் அடிபடும், அது வேறு வழக்கு!) அதற்கு மேல் ஊற்றுவது கூலிக்காசுக்குத்தான் கேடு. விழுப்புரத்தில் நம்ம பசங்க சிலர் 'பிக்கப்' வேண்டுமென்று ஹெட்டை லேத்தில் கொடுத்துச் சீவுகிறார்களே, அது இதைவிட மோசம். ரேஷியோ ஏறும், பங்க்கில் ஆக்டேன் ஏறுமா? பிஸ்டன்தான் ஓட்டையாகும். "சாதாவே போடுப்பா, மிச்சக் காசுல ஏர் பில்டர் மாத்தலாம்" என்றேன்.