நேச நாடுகளும் சேரி சனங்களும்

‘நேச நாடுகள்’ என்ற சொல்லைத் தமிழில் ஆக்கியவர் யாரென்று தெரியாது. ஆனால் அந்தச் சொல் நம் பிள்ளைகளின் தலைக்குள் ஏற்றி வைத்திருக்கிற பொய் பெரிய பொய். ஒருபக்கம் அச்சு நாடுகள்: ஜெர்மனி, இத்தாலி, ஜப்பான். மறுபக்கம் நேச நாடுகள்: பிரிட்டன், பிரான்ஸ், சோவியத் யூனியன், அமெரிக்கா. நடுவில் ஸ்டாலின்கிராட், எல் அலமெய்ன், நார்மண்டி என்று மூன்று நான்கு ஊர்ப் பெயர்கள். கடைசியில் ஹிரோஷிமா. ஐந்து மதிப்பெண். பாடம் முடிந்தது.

எங்கே இருந்தது நேசம்? 1938 செப்டம்பரில் மியூனிக்கில் செக்கோஸ்லோவாக்கியாவை அறுத்து ஹிட்லர் கையில் கொடுத்தவர்கள் பிரிட்டனும் பிரான்சும். 1939 ஆகஸ்ட் 23இல் அதே ஹிட்லரோடு ஒப்பந்தம் போட்டவர் ஸ்டாலின். 1941 ஜூன் 22இல் ஜெர்மன் படை எல்லை தாண்டிய பிறகுதான் சர்ச்சிலுக்கு ஸ்டாலின் கூட்டாளியானார். அமெரிக்காவோ 1941 டிசம்பரில் பேர்ல் துறைமுகத்தில் குண்டு விழுகிறவரைக்கும் போரில் இறங்கவில்லை. அவனவன் அவனவன் கணக்கைப் பார்த்தான். இதை எந்தப் பாடநூலும் துரோகம் என்று எழுதுவதில்லை. ராஜதந்திரம் என்றுதான் எழுதுகிறது.

அப்படியே நம்ம தேசத்துக்கு வாங்க. போர் தொடங்கியதும் 1939 கடைசியில் காங்கிரஸ் மந்திரிசபைகள் ராஜினாமா செய்தன. சரி. ஆனால் 1940 ஜூலையில் புனாவில் கூடிய அதே காங்கிரஸ், மத்தியில் தேசிய அரசாங்கம் கொடுத்தால் போருக்கு ஒத்துழைக்கிறோம் என்றது. வெள்ளைக்காரன் கொடுக்கவில்லை. 1942 ஆகஸ்டில் ‘வெளியேறு’ வந்தது. அதற்கு முன்பே ராஜாஜி ஒத்துழைப்புப் பேசிக் காங்கிரசை விட்டு விலகியிருந்தார். ஏகாதிபத்தியப் போர் என்று சொன்ன கம்யூனிஸ்ட்டுகள், சோவியத் மண்ணில் டாங்கி புகுந்த பிறகு மக்கள் யுத்தம் என்றார்கள். சாவர்க்கரின் இந்து மகாசபை, இந்துக்கள் ஆயுதம் பழகட்டும் என்று பிரிட்டிஷ் படைக்கு ஆள் சேர்க்கச் சொன்னது. சுபாஷ் போஸ் 1942 மே மாதம் பெர்லினில் ஹிட்லரைச் சந்தித்தார், பிறகு ஜப்பானோடு சேர்ந்தார்.

இத்தனை பேருக்கும் இத்தனை கூட்டணி. எல்லாவற்றுக்கும் விளக்கம் உண்டு, நியாயம் உண்டு, சிலை உண்டு. ஒரே ஒருவர் செய்த கூட்டணி மட்டும் காட்டிக்கொடுத்தல். 1941இல் வைஸ்ராயின் தேசியப் பாதுகாப்புக் குழுவில் உட்கார்ந்தார், 1942 ஜூலையில் தொழிலாளர் துறை உறுப்பினரானார் என்பதற்காக அம்பேத்கர் வெள்ளைக்காரனின் ஆள். 1997இல் அருண் ஷோரி இதற்காகவே ஒரு தடித்த புத்தகம் எழுதினார். அந்தப் புத்தகம் இன்றைக்கும் மேடைகளில் பேசிக்கொண்டிருக்கிறது. எங்க ஆள் செய்தால் துரோகம், உங்க ஆள் செய்தால் வியூகமா?

2

தட்டாஞ்சாவடியில் தொழிற்பேட்டை வேலை முடித்து வருகிற பையன்களுக்கு ராத்திரியில் பாடம் சொல்லித் தருகிறோம். போலீஸ் வேலை, குமாஸ்தா வேலைத் தேர்வுகளுக்கு. இந்த அச்சு நாடு, நேச நாடு பாடத்தை நடத்தும்போது ஒரு பையன் கேட்டான்: “அண்ணே, இதுல நாம எந்தப் பக்கம்ணே?”

கேள்வி சின்னது. பதில் சின்னதில்லை. ‘இந்தியா நேச நாடுகளின் பக்கம்’ என்று நோட்ஸ் சொல்கிறது. அந்தப் பையனின் கொள்ளுத்தாத்தா காலத்தில் புதுச்சேரி இந்தியாவே இல்லையே. அது பிரெஞ்சிந்தியா. 1940 ஜூனில் பிரான்ஸ் ஹிட்லரிடம் மண்டியிட்டது. விஷியில் ஒரு பொம்மை அரசு உட்கார்ந்தது. லண்டனிலிருந்து தெகோல், போர் முடியவில்லை என்றார். அதே செப்டம்பரில் புதுச்சேரி கவர்னர் லூயி பொன்வேன் தெகோல் பக்கம் சேர்ந்தார். குண்டு எதுவும் வெடிக்கவில்லை. சுற்றி நாலு பக்கமும் பிரிட்டிஷ் இந்தியா. விஷி பக்கம் நின்றால் ஊர் பட்டினி கிடக்க வேண்டியதுதான். ஆக இங்கேயும் கணக்குத்தான்.

அந்தக் கணக்கை யார் போட்டார்கள்? கவர்னர் மாளிகை போட்டது. முத்தியால்பேட்டைத் தறிக்காரரையும், முதலியார்பேட்டை மில் தொழிலாளியையும், கிராமத்துச் சேரியையும் கேட்டா ஒரு நாட்டின் பக்கத்தைத் தீர்மானித்தார்கள்? அதற்கு நாலு வருஷம் முன்பு, 1936 ஜூலை 30இல், இதே பிரெஞ்சு அரசு மில் தொழிலாளிகள் பன்னிரண்டு பேரைச் சுட்டுக் கொன்றிருந்தது. பாசிசத்தை எதிர்க்கிறேன் என்று புறப்பட்ட ஆட்சியின் கையில் அந்த ரத்தம் காய்ந்துகூட இருக்கவில்லை.

தெகோல் பக்கம் முதலில் வந்த காலனி கவர்னர் யார் தெரியுமா? பொன்வேன் இல்லை. சாட் நாட்டில் இருந்த ஃபெலிக்ஸ் எபுவே. தென் அமெரிக்காவில் கயேன் நகரத்தில் பிறந்த கறுப்பர். அடிமைகளின் வம்சம். 1940 ஆகஸ்ட் 26இல் அவர் சேர்ந்த பிறகுதான் தெகோலுக்குக் காலூன்ற மண் கிடைத்தது. ‘சுதந்திர பிரான்சின்’ தலைநகரமே பிராசவில், ஆப்பிரிக்காவில். வெள்ளைக்கார பிரான்சின் மானத்தைக் காப்பாற்றியது ஒரு அடிமைப் பரம்பரைக்காரன் என்ற சேதி நம் பாடநூலில் எங்கே இருக்கிறது?

3

சரி, சண்டை போட்டது யார்? 1942 மே, ஜூன் மாதங்களில் லிபியா பாலைவனத்தில் பிர் ஹக்கீம் என்ற இடத்தில் சுமார் 3,700 பேர் ரோமெலின் படையை இரண்டு வாரம் தடுத்து நிறுத்தினார்கள். பாரிசில் ஒரு மெட்ரோ நிலையத்துக்கே அந்தப் பெயர். பிரெஞ்சு வீரம் என்று பாடுகிறார்கள். அங்கே நின்றவர்களில் மத்திய ஆப்பிரிக்கக் கறுப்பர்கள் இருந்தார்கள், தாஹித்தித் தீவுக்காரர்கள் இருந்தார்கள், ஊரும் பேரும் இழந்து அந்நியர் படையில் சேர்ந்தவர்கள் இருந்தார்கள். பிரெஞ்சிந்தியாவிலிருந்தும் சுதந்திர பிரான்சின் படைக்கு ஆட்கள் போனார்கள்.

பிரிட்டிஷ் பக்கம் பாருங்கள். 1857க்குப் பிறகு ‘வீர இனம்’ என்றொரு தத்துவம் கண்டுபிடித்தார்கள். பஞ்சாபி வீரன், கூர்க்கா வீரன், மதராசி கோழை. கம்பெனிக்கு ஆரம்ப காலத்தில் சண்டை போட்டுக் கொடுத்த பறையர்களையும் மகர்களையும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளினார்கள். 1818இல் கோரேகாவில் நின்ற மகர்களுக்கு 1892இல் படைக் கதவு சாத்தப்பட்டது. மதராஸ் காலாட்படையை 1920களில் கலைத்தே விட்டார்கள். மண் வெட்ட, பாலம் கட்ட, கண்ணிவெடி எடுக்க மட்டும் மதராஸ் சாப்பர்ஸ் வேண்டியிருந்தது. ஹிட்லரும் டோஜோவும் கழுத்தை நெரித்தபோது தத்துவம் காற்றில் பறந்தது. 1941 அக்டோபரில் மகர் ரெஜிமென்ட். மதராஸ் ரெஜிமென்ட் மறுபடி எழுந்தது. 1943 மார்ச்சில் சமார் ரெஜிமென்ட். ஆள் பஞ்சம் வந்தால் சாதித் தத்துவம் கிழியும், பஞ்சம் தீர்ந்தால் தானாகத் தைத்துக்கொள்ளும். சமார் ரெஜிமென்ட் கோஹிமாவில் நின்று போர் மரியாதை வாங்கியது. 1946இல் கலைக்கப்பட்டது. மூணே வருஷம்.

கோஹிமா, இம்பால் சண்டைகள் 1944 மார்ச்சிலிருந்து ஜூலை வரை நடந்தவை. ஜப்பானியப் படை முதுகொடிந்தது அங்கேதான். 2013இல் லண்டன் ராணுவ அருங்காட்சியகம் நடத்திய வாக்கெடுப்பில் பிரிட்டனின் மிகப்பெரிய போர் என்று இவற்றைத்தான் தேர்ந்தெடுத்தார்கள், வாட்டர்லூவையும் நார்மண்டியையும் தள்ளிவிட்டு. நம்ம பையன் நோட்ஸில் நார்மண்டிதான் இருக்கிறது, கோஹிமா இல்லை. அந்தச் சண்டையின் மறுபக்கத்திலும் நம் சனம்தான். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தபோது பிடிபட்ட இந்தியச் சிப்பாய்கள் சுமார் 40,000 பேர். அவர்களோடு மலாயா ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழ்க் கூலிகளும் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். அந்தக் கூலிகளில் பெரும்பகுதி எந்தத் தெருவிலிருந்து கப்பல் ஏறியவர்கள் என்று நான் சொல்லியா தெரிய வேண்டும்?

துப்பாக்கி எடுக்காதவனுக்கு இன்னும் கொடுமை. சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவே 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட ஜப்பான்காரன் தோட்டத்துத் தமிழர்களை அள்ளிக்கொண்டு போனான். 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. அதில் செத்த வெள்ளைக்காரக் கைதிகள் பன்னிரண்டாயிரத்துக்கு மேல். அவர்களுக்குக் காஞ்சனபுரியில் பெயர் வெட்டிய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. செத்த ஆசியக் கூலிகள் தொண்ணூறாயிரம் பேர் இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். ‘இருக்கலாம்’. கைதிக்குப் பெயர், கூலிக்கு மதிப்பீடு. நான் எம்.ஏ.வில் தொல்காப்பியம் படித்தவன். செத்த வீரனுக்குக் கல் எடுத்து, நீராட்டி, நட்டு, வாழ்த்துவதற்கு ஆறு படி வகுத்திருக்கிறது அந்த இலக்கணம். தண்டவாளத்துக்கு அடியில் புதைந்தவனுக்கு எந்தப் படி என்று எந்த வாத்தியாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

4

இங்கே இரண்டு பேருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதல் ஆள் தேசியவாதி. புதுச்சேரியில் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களைச் ‘சொல்தா’ என்கிறோம். “பிரெஞ்சுக்காரன் பூட்ஸைத் துடைச்சு பென்ஷன் வாங்குறவன்” என்று டீக்கடையில் இளக்காரமாகப் பேசுகிற வாய்களை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். பூட்ஸைப் பற்றிப் பேசலாமா அய்யா? 1873இல் வக்கீல் பொன்னுத்தம்பிப் பிள்ளை கோர்ட்டுக்குள் ஐரோப்பியச் செருப்புப் போட்டு வந்ததற்காக அபராதம் கட்டச் சொன்னார்கள். அவர் பாரிஸ்வரை வழக்காடி ஜெயித்தார். அவர் வேளாளர். வெள்ளைக்காரன் முன்னால் செருப்புப் போடுவதுதான் அவருக்குப் பிரச்சினை. எங்களுக்கு ஊர்த்தெருவிலேயே செருப்பு ஆகாது. 1881இல், சொந்தச் சாதிவழக்கச் சட்டத்தைக் கைவிட்டு பிரெஞ்சுச் சிவில் சட்டத்துக்குள் வரலாம், புதுக் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளலாம் என்று ஆணை வந்தது. மேல்சாதி பெரும்பாலும் ஒதுங்கி நின்றது. சேரிக்காரரும் கிறித்தவரும் முன்னுக்கு வந்தார்கள். சாதியை உதற ஒரு காகிதம் கிடைத்தால் கையெழுத்துப் போடாமல் இருக்க அவர்களுக்கு என்ன பைத்தியமா? அந்தப் பெயரோடு சைகோனுக்குப் போனார்கள், சிப்பாயானார்கள், காலில் பூட்ஸ் மாட்டினார்கள். என் தாத்தாவின் அண்ணன் அப்படிப் போனவர். திரும்பி வந்து அதே பூட்ஸோடு ஊர்த்தெருவில் நடந்தார் என்பதை எங்க ஆயா சாகும்வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தது. எந்தப் போரில் எந்தப் பக்கம் என்று ஆயாவுக்குத் தெரியாது. எந்தத் தெருவில் என்று தெரியும்.

இரண்டாவது ஆள் பிரெஞ்சுப் பெருமைக்காரர். ஒவ்வொரு ஜூலை 14க்கும் கடற்கரைப் போர் நினைவுச் சின்னத்தில் மலர்வளையம் வைத்துச் சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் பேசுகிறவர். அவருக்கு ஒரு தேதி சொல்கிறேன். 1944 டிசம்பர் 1, செனகலில் தியாருவா முகாம். பிரான்சுக்காகச் சண்டை போட்டு, ஜெர்மன் சிறையில் கிடந்து திரும்பிய ஆப்பிரிக்கச் சிப்பாய்கள் சம்பள பாக்கி கேட்டார்கள். பிரெஞ்சு ராணுவம் சுட்டது. 35 பேர் என்றது அரசு, அதைவிட மிக அதிகம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். படுகொலை என்று ஒப்புக்கொள்ள பிரான்சுக்கு 2024 வரை, எண்பது வருஷம் பிடித்தது. அதே 1944இல், வெற்றி கண்ணுக்குத் தெரிந்தவுடன் ஆயிரக்கணக்கான கறுப்புச் சிப்பாய்களைப் படையிலிருந்து எடுத்துவிட்டு வெள்ளையர்களை நிரப்பினார்கள். ‘வெளுப்பாக்குதல்’ என்றே அதற்குப் பெயர். சமார் ரெஜிமென்டைக் கலைத்த கையும் இந்தக் கையும் ஒரே கைதான். சண்டை நடக்கும்போது தோள், சண்டை முடிந்ததும் தீட்டு.

5

அப்படியென்றால் அம்பேத்கர் ஏன் அந்தப் பக்கம் நின்றார்? வெள்ளைக்காரன் மேல் உள்ள பாசத்திலா? 1942 நவம்பரில் பம்பாய் வானொலியில் அவர் பேசிய பேச்சு அச்சில் இருக்கிறது. தொழிலாளி ஏன் இந்தப் போரில் வெல்ல வேண்டும் என்பதுதான் பொருள். பிறப்பை வைத்து மனிதனை உயர்த்தும் தாழ்த்தும் ஒரு ‘புதிய ஒழுங்கு’ உலகத்தில் நிலைத்துவிட்டால் சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் மூன்றுக்கும் இடமில்லை என்று கண்டவர் அவர். அந்த ஒழுங்கின் பழைய பதிப்பு ஒன்றில் பிறந்து வளர்ந்தவருக்கு நாஜிசம் புரிய ஜெர்மன் மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை. அதே 1942 ஜூலையில்தான் நாகபுரியில் நம்ம மதராஸ் என்.சிவராஜ் தலைமையில் அகில இந்திய ஷெட்யூல்டு சாதிகள் கூட்டமைப்பு தொடங்கியது. போரில் ஒரு பக்கம் நின்றார்கள், அதே மூச்சில் வெள்ளைக்காரனிடமும் காங்கிரசிடமும் தனி உரிமை கேட்டார்கள். அடிமைத்தனம் என்று இதற்கா பெயர்? நிபந்தனையோடு சேர்வதுதான் கூட்டணி. நிபந்தனை இல்லாமல் சேர்வதற்குத்தான் வேறு பெயர்.

அந்த நிபந்தனையை மறந்த இடத்தில்தான் நாம் தோற்றோம். போர் முடிந்தது. ரெஜிமென்ட் கலைந்தது. புதுச்சேரிச் சிப்பாய் இந்தோசீனாவில் இன்னொரு போருக்குள் தள்ளப்பட்டு 1954இல் தியன் பியன் பூ தோல்வியையும் பார்த்தார். அதே வருஷம் நவம்பர் 1இல் புதுச்சேரி கைமாறியது. 1962இல் சட்டப்படி மாறியபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமா என்று முடிவெடுக்க ஆறு மாதம் கொடுத்தார்கள். எழுதிக் கொடுத்தவர் பிரெஞ்சுக்காரர், கொடுக்காதவர் இந்தியர். ஒரே குடும்பத்தில் இரண்டும் உண்டு. 1964இல் புதுச்சேரிக்கு எஸ்.சி. பட்டியல் வந்தபோது கிறித்தவத் தலித் அதில் இல்லை. அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. இரண்டு பேரரசுக்கு ரத்தம் கொடுத்த வீட்டுப் பிள்ளைக்கு ஒரு சாதிச் சான்றிதழுக்கு வக்கில்லை.

ஆகவே தோழர்களே, அந்தப் பையனுக்கு நான் சொன்ன பதிலை இங்கேயும் எழுதுகிறேன். நாம் எல்லாப் பக்கமும் இருந்தோம். தெகோல் பக்கம், சர்ச்சில் பக்கம், போஸ் பக்கம், தண்டவாளத்துக்கு அடியில். எங்கேயும் நம் பெயர் இல்லை. ஊர்ப் பெயரில் தட்டானுக்கு இடம் இருக்கிறது, சாவடிக்கு இடம் இருக்கிறது, சேரிக்கு இல்லை. உலக வரலாற்றிலும் அதே கணக்குத்தான்.

பெயரை நாம்தான் எழுத வேண்டும். சொல்தா வீட்டுப் பரண்மேல் படைப் புத்தகம் இருக்கிறது, பதக்கம் இருக்கிறது, சைகோனிலிருந்து வந்த கடிதம் இருக்கிறது. கிழவிகள் இன்னும் சிலர் உயிரோடு இருக்கிறார்கள். மாணவர்கள் நோட்டை எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள்: எந்த வருஷம் போனார், எந்தக் கப்பல், எந்தப் படை, கூட யார் போனது, திரும்பாதவர் யார், பென்ஷன் வந்ததா, ஊர்த்தெரு அவரை எப்படி நடத்தியது. சொன்னதைச் சொன்ன மொழியிலேயே எழுதுங்கள், திருத்த வேண்டாம். இந்த இதழுக்கு அனுப்புங்கள்.