வெளிமாநிலத்தில் படிக்க மதிப்பெண் மட்டும் போதுமா?



பிளஸ் டூ முடித்த பிள்ளைகளை ஈரோடு, கோவை தாண்டி அனுப்ப நம் பவானிப் பகுதிக் குடும்பங்கள் தயங்குவதுண்டு. ஆனால் டெல்லி, ஐதராபாத், காசர்கோடு ஆகிய ஊர்களிலுள்ள மத்தியப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் பல தனியார் கல்லூரிகளைவிட மிகக் குறைவு. ஜமக்காளத் தறியை நம்பி வாழும் வீட்டுப் பிள்ளைக்கும் அது எட்டக்கூடியதே.

2022 முதல் இளங்கலைச் சேர்க்கை 'கியூட்' நுழைவுத்தேர்வு வழியாக நடைபெறுகிறது. தமிழ் உள்பட 13 மொழிகளில் எழுதலாம். ஆனால் கேள்விகள் என்.சி.இ.ஆர்.டி. பாடத்தை ஒட்டியவை. மாநிலப் பாடத்திட்ட மாணவர் பாதிக்கப்படுவர் என்று 2022 ஏப்ரலில் நமது சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. நியாயமான எதிர்ப்பு. ஆயினும் தேர்வு தொடர்வதால், பிளஸ் ஒன்னிலேயே தயாரிப்பைத் தொடங்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தமிழகத்தின் 69 சதவீத இடஒதுக்கீடு அங்கே செல்லாது. மத்தியப் பல்கலைக்கழகங்களில் பிற்படுத்தப்பட்டோருக்கு 27 சதவீதம். அதற்கு வீட்டிலுள்ள பி.சி. சான்றிதழ் போதாது, மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ் வேண்டும். தலித் கிறிஸ்தவர்களை 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் இனத்தவராக ஏற்பதில்லை. அந்த அநீதி நீங்கும்வரை அவர்களுடைய பிள்ளைகளுக்கும் இச்சான்றிதழே வழி. விண்ணப்பத்துக்கு முன்பே வாங்கி வையுங்கள்.

மகனைத் தொலைதூரம் அனுப்பத் துணியும் நாம், மகளையும் அனுப்புவோமா? சிந்திப்போம்.