தலைக்கணக்கும் மரக்கணக்கும்

லட்சம் பேருக்கு எத்தனை கிராஃப்ட் பீர் ஆலைகள் என்று மாநிலங்களை வரிசைப்படுத்தும் அட்டவணைகள் நம் இதழுக்கு வரும் கட்டுரைகளில் பெருகிவருகின்றன. கர்நாடகம், மகாராஷ்டிரம், ஹரியானா எல்லாம் மேலே நிற்க, தமிழ்நாட்டுக்கு நேராகப் பூஜ்யம் இருக்கும். அதைக் காட்டி, நொதித்தல் தொழிலில் கொங்கு மண்டலம் பின்தங்கிவிட்டது என்று கட்டுரை முடியும். அந்த முடிவு தவறு. காரமடைப் பக்கம் தென்னந்தோப்புகளோடு பழகிய எவருக்கும் அது தவறென்று தெரியும்.

புனேயில் 2009இல் டூலாலி ஆலை தொடங்கியதும் பெங்களூரு இந்திராநகரில் 2010இல் டாய்ட் ஆலை தொடங்கியதும் அங்கே பீர் காய்ச்சத் தெரிந்தவர்கள் அதிகம் என்பதால் அல்ல. அந்த மாநிலங்கள் இப்படிப்பட்ட சிற்றாலைகளுக்கு (மைக்ரோ புரூவரி) உரிமம் கொடுத்தன, நம் மாநிலம் கொடுக்கவில்லை. ஆகவே நம் பூஜ்யம் சட்டத்தின் எண். மக்களின் ருசியையோ தொழிலாளியின் திறமையையோ அதிலிருந்து படிக்க முடியாது.

உரிமம் உள்ள இடங்களிலும் இந்த எண் நிலையாக நிற்பதில்லை. பெங்களூரில் அறுபது ஆலைகள் என்று வைத்துக்கொண்டு 2011 மக்கள்தொகையால் வகுத்துப் பாருங்கள். மாநகராட்சியின் 84 லட்சத்தால் வகுத்தால் 1.4 லட்சம் பேருக்கு ஒன்று. கர்நாடகத்தின் 6.11 கோடியால் வகுத்தால் பத்து லட்சம் பேருக்கு ஒன்று. ஆலைகள் அதே ஆலைகள்தான். எல்லைக்கோட்டை நகர்த்தியதும் விடை ஏழு மடங்கு மாறிவிட்டது. அமெரிக்காவில் முதலிடத்துக்கு வரும் வெர்மான்ட் மாநிலத்தின் மக்கள்தொகை ஆறரை லட்சத்துக்குள்தான். அங்குள்ள சங்கமான புரூவர்ஸ் அசோசியேஷன் 21 வயது நிரம்பியவர்களை மட்டும் கொண்டு வகுக்கிறது. நம் கட்டுரையாளர்கள் கைக்குழந்தைகளையும் சேர்த்து வகுத்துவிட்டு இரண்டையும் அருகருகே வைக்கிறார்கள். சுவிட்சர்லாந்தில் பதிவான ஆலைகள் 2018இல் ஆயிரத்தைத் தாண்டின. வரி விதிப்புக்காகச் சின்னஞ்சிறு தயாரிப்பாளர்களும் அங்கே பதிவுசெய்துகொள்ள வேண்டியிருப்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். வீட்டுக் கொட்டகையில் காய்ச்சி விற்பவரும், லாரி லாரியாக அனுப்பும் ஆலையும் அந்தப் பட்டியலில் ஆளுக்கு ஒன்றுதான்.

நம் வாசகர்களில் பெரும்பாலோர் பீர்க்காரர்கள் அல்லர். நீராவும் பதநீரும் இறக்குபவர்கள், அவற்றைக் குளிரூட்டி விற்கும் உற்பத்தியாளர் நிறுவனங்கள், ஆய்வகத்தில் ஈஸ்ட் வளர்ப்பவர்கள். கொங்கு நாட்டின் நொதித்தல் அறிவு பாளையில் இருக்கிறது. விரியாத பாளையைக் கட்டி, நாள்தோறும் பக்குவமாகத் தட்டி, நுனியை மெலிதாகச் சீவிவிட வேண்டும். அழுத்தித் தட்டினால் பாளை வீணாகும், தட்டல் போதாவிட்டால் சொட்டு வராது. தட்டும் கைக்கு அந்த அளவு தெரிய மாதக்கணக்கில் பழக வேண்டும். வடிவது கிட்டத்தட்ட நடுநிலையான இனிப்புச் சாறு. வெயிலேறினால் சில மணி நேரத்திலேயே புளிக்கத் தொடங்கிவிடும். பனையில் கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவி அந்தப் புளிப்பைத் தடுத்தார்கள். அப்படிக் கிடைத்த பதநீரை இந்தப் பக்கம் தெளுவு என்கிறோம். தென்னைக்குக் காசர்கோடு மத்தியத் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவனம் பனிக்கட்டிப் பெட்டியை மரத்திலேயே மாட்டும் முறையைக் கொண்டுவந்தது; அப்படிப் புளிக்காமல் இறக்கும் சாறே நீரா. நன்றாகச் சுரக்கும் மரம் நாளொன்றுக்கு ஒன்றரை முதல் மூன்று லிட்டர் வரை தரும். சுண்ணாம்பும் பனிக்கட்டியும் இல்லாமல் விட்டால் அதே சாறு கள். 1987 முதல் தமிழ்நாட்டில் அதை இறக்கத் தடை. தமிழ்நாடு கள் இயக்கம் தடையை நீக்கச் சொல்லி ஆண்டுக்கணக்காக எழுப்பிவரும் கோரிக்கைக்கு அரசு என்ன பதில் சொன்னாலும், தடை இருப்பதால் அந்தத் தொழில்நுட்பம் நம்மிடம் இல்லை என்று எழுதுவது மரமேறிகளுக்குச் செய்யும் அநியாயம்.

வாளையாற்றைத் தாண்டிக் கேரளத்துக்குள் போனால் கணக்கு இன்னும் சிக்கலாகிறது. பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவின் தோப்புகளில் இறக்கும் கள் வண்டியேறி மற்ற மாவட்டங்களுக்குப் போகிறது. கள்ளுக்கடைகளை எண்ணி மாவட்ட மக்கள்தொகையால் வகுத்தால், கள் விற்கும் எர்ணாகுளம் கணக்கில் ஏறும். மரம் ஏறிய சித்தூர்க்காரரின் உழைப்பு அதில் தெரியாது. புதுச்சேரியைச் சேர்ந்த மாஹே இன்னும் கெட்டியான எடுத்துக்காட்டு. 2011இல் அங்கே குடியிருந்தவர்கள் ஏறத்தாழ 42 ஆயிரம் பேர். அங்குள்ள மதுக்கடைகளை அந்த 42 ஆயிரத்தால் வகுப்பதில் என்ன பொருள்? கடைக்கு வருவோரில் பெரும்பகுதி எல்லைக்கு அப்பால் கண்ணூரிலும் கோழிக்கோட்டிலும் இருக்கிறார்கள்.

கடை எண்ணிக்கையே நுகர்வைக் காட்டும் என்று நம்புவோர் டாஸ்மாக்கைப் பார்க்கட்டும். 2016இல் ஏறத்தாழ 6,800 ஆக இருந்த கடைகள் படிப்படியாகக் குறைந்து, 2023 ஜூனில் மேலும் 500 மூடப்பட்டபின் 4,829 ஆயின. 2011 மக்கள்தொகையை வைத்துப் பார்த்தால், ஒரு கடைக்கு 10,600 பேர் என்ற விகிதம் 14,900 பேர் என்று ஆனது. அதே காலத்தில் 2016-17இல் 27 ஆயிரம் கோடி ரூபாயை ஒட்டியிருந்த வருவாய் 2023-24இல் 45 ஆயிரம் கோடியைத் தாண்டியது. விலையேற்றம் இதில் பெரும்பங்கு என்பது உண்மை. அதைக் கழித்துப் பார்க்காமல் குடி கூடியது என்றும் சொல்லக் கூடாது. ஆனால் கடைகள் குறைந்ததால் குடி குறைந்துவிட்டது என்று இந்த எண்களை வைத்து யாரும் எழுத முடியாது.

அடுத்த இதழிலிருந்து ஒரு விதி வைக்கிறோம். தலைக்கு இத்தனை என்று எழுதும் கட்டுரை, எதை ஓர் ஆலை என்று எண்ணியது, எந்த ஆண்டின் எந்த மக்கள்தொகையால் வகுத்தது, அங்கே உரிமம் உண்டா என்ற மூன்றையும் அட்டவணைக்கு அடியிலேயே சொல்ல வேண்டும். உரிமமே இல்லாத இடத்துக்குப் பூஜ்யம் போடாமல், ‘பொருந்தாது’ என்று எழுதினால் போதும்.

நம் பகுதியைப் பற்றி எழுதுவோரிடம் கூடுதலாக ஒன்று கேட்கிறோம். காரமடை, மேட்டுப்பாளையம், பொள்ளாச்சி, ஆனைமலைத் தோப்புகளில் உரிமம் பெற்று நீரா இறக்கும் மரங்கள் எத்தனை, மரத்துக்குச் சராசரி எத்தனை லிட்டர், ஏறத் தெரிந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் நாற்பது வயதுக்குள் இருப்பவர்கள் எத்தனை பேர், பெட்டியைக் கழற்றியதிலிருந்து குளிரூட்டும் நிலையம் சேர எத்தனை நிமிடம் என்று குறித்து அனுப்புங்கள். விவேகானந்தபுரம் வேளாண் அறிவியல் நிலையம் போன்ற இடங்களில் பயிற்சி பெறுவோர் தம் தோப்புக் குறிப்பேட்டின் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினாலும் வெளியிடுகிறோம். தோப்பு உரிமையாளர் பெயர் வேண்டாம்; ஊர், மரத்தின் ரகம், மாதம் ஆகியவை கட்டாயம்.