அப்பாவே கோச்! அப்போ பெஞ்சில் உட்காருவது யார்?

எங்கள் தெருவில் ஒரு பெரியவர். கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அமெரிக்காவில், டல்லாஸ் பக்கம், மகன் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தார். "ஊர் எப்படி சார்?" என்று கேட்டோம். "ஊரை எங்கே பார்த்தேன்? சனி, ஞாயிறு வந்தா கிரவுண்டு. அதைத்தான் பார்த்தேன்" என்றார்.

பேத்திக்கு 11 வயது. சாஃப்ட்பால் ஆடுகிறாள். 1887-ல் சிகாகோவில் பிறந்த ஆட்டம். பேஸ்பாலுக்குத் தங்கச்சி என்று வைத்துக் கொள்ளுங்கள். பந்து கொஞ்சம் பெரிசு. கையை ராட்டினம் போல ஒரு சுற்று சுற்றி, கீழிருந்து வீச வேண்டும். 12 வயதுப் பிரிவில் வீசுகிறவளுக்கும் அடிக்கிறவளுக்கும் நடுவே 40 அடிதான். கண் சிமிட்டினால் பந்து போய்விடும்!

இதில் பள்ளிக்கூட அணி வேறு. பெரியவர் பார்த்தது 'டிராவல் பால்'. ஆளைத் தேர்ந்தெடுத்து அணி சேர்த்து, ஊர் ஊராகக் காரில் போய் ஆடுவது. பேட், கையுறை, போட்டிக் கட்டணம், ஓட்டல் ரூம், பெட்ரோல் என்று வருஷத்துக்கு ஆயிரக்கணக்கில் டாலர் கரைகிறது.

இவ்வளவு செலவு செய்கிற அணிக்குக் கோச் யார்? பல இடங்களில் அணியில் உள்ள ஏதோ ஒரு பெண்ணின் அப்பா! சில இடங்களில் அம்மா. பெரும்பாலும் சம்பளம் கிடையாது. நம் பெரியவரின் மகனும் அப்படி மாட்டிக் கொண்டவர்தான். கம்ப்யூட்டர் வேலை. சின்ன வயதில் தெருவில் ஸ்டம்புக்குப் பதில் செங்கல் வைத்து ஆடியதுதான் விளையாட்டு அனுபவம். வேறு ஆள் இல்லை என்றார்கள், தலையாட்டிவிட்டார்.

முணுமுணுப்பு

முதல் மாதம் மகளைப் பந்து வீச வைத்தார். அவள் நன்றாகத்தான் வீசினாளாம். ஆனால் வேலி ஓரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் சும்மா இருப்பார்களா? 'டாடி பால்' என்று முணுமுணுத்தார்கள். கோச் பெற்ற பிள்ளைக்கே நல்ல இடம் என்பதற்கு அங்கே வழங்கும் கேலிப் பெயர் அது.

மனிதருக்கு ரோஷம் வந்துவிட்டது. அடுத்த சனிக்கிழமை மகளைப் பகல் முழுக்க பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார். திரும்பி வரும்போது காரில் பேச்சில்லை. அந்தக் குழந்தை தாத்தாவின் காதில் கேட்டதாம்: "நான் என்ன தப்புப் பண்ணேன்?"

பெரியவர் இதைச் சொல்லிவிட்டு டீயைக் குடிக்கவில்லை. ஆறிப்போனது.

சிலர் கேட்கலாம், அப்பா சொல்லிக் கொடுத்து பிள்ளை முன்னுக்கு வந்ததில்லையா என்று. ஏன் இல்லை? நம்ம நாட்டிலேயே டி.கே. ராமநாதன் தன் மகன் ராமநாதன் கிருஷ்ணனுக்கு டென்னிஸ் சொல்லிக் கொடுத்தார். மகன் 1954-ல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம் வாங்கினார். அவர் மகன் ரமேஷ் 1979-ல் அதே பட்டத்தை வாங்கினார். ஆனால் ஒன்று பாருங்கள். டென்னிஸில் அப்பா தன் பிள்ளையை ஆட வைத்தால் அடுத்த வீட்டுப் பிள்ளை பெஞ்சுக்குப் போவதில்லை. சாஃப்ட்பாலில் களத்தில் 9 பேர். பந்து வீசுவது ஒருத்தி. அந்த ஒருத்தி யார் என்று சீட்டு எழுதுகிற கை அவளைப் பெற்றவரின் கை. வம்பு அங்கேதான். நியாயமாக எழுதினாலும் ஊர் நம்பாது. ஊருக்குப் பயந்து எழுதினால் வீட்டில் அநியாயம்!

எதற்கு இந்தப் போட்டா போட்டி? காலேஜ் உதவித்தொகை. 1972-ல் வந்த சட்டத்தால் அமெரிக்கக் கல்லூரிகளில் பெண்கள் விளையாட்டுக்கு வழி திறந்தது, நல்லதுதான். ஆனால் 2025 வரை முதல் நிலைக் கல்லூரி அணி ஒன்றுக்கு 12 உதவித்தொகைக்கு மேல் கிடையாது. அதையும் பிய்த்துப் பிய்த்துப் பலருக்குப் பங்கு வைப்பார்கள். போதாததற்கு 2018-ல் வந்த விதிப்படி, 11-ம் வகுப்பின் செப்டம்பர் 1-ந் தேதிக்கு முன் கல்லூரிக் கோச் அந்தப் பெண்ணிடம் சேர்க்கைப் பேச்சே எடுக்கக்கூடாது. அப்படியிருக்க, 11 வயதுக் குழந்தையின் தலையில் காலேஜ் பீஸைச் சுமத்துவானேன்?

சம்பளம் வாங்காமல் வெயிலில் நிற்கிற அப்பாக்களை நாம் திட்டவில்லை. அவர்கள் ஒதுங்கினால் பாதி அணி கலைந்துவிடும். வேலி ஓரம் முணுமுணுக்கிறவர்களில் எத்தனை பேர் பந்து மூட்டையைத் தூக்க வருவார்கள்? நாம் கேட்பது சின்ன விஷயம். சொந்தப் பிள்ளை எங்கே நிற்பது, எப்போது வீசுவது என்பதை மட்டும் துணைக் கோச் எழுதட்டும். அவர் பிள்ளைக்கு இவர் எழுதட்டும். கார் கதவைச் சாத்தியதும் கோச் இறங்கிவிட வேண்டும். அப்பா மட்டும் ஓட்ட வேண்டும்.

பெரியவர் கிளம்புவதற்கு முன் மகனிடம் இதையேதான் சொல்லிவிட்டு வந்தாராம். "நீ பரீட்சையில பெயிலானப்போ நான் வழியெல்லாம் திட்டிக்கிட்டா வந்தேன்?" என்று கேட்டாராம். மகன் பதில் பேசவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பேத்தி போன் பண்ணினாள். "அப்பா இன்னைக்கு கார்ல பாட்டுப் போட்டார் தாத்தா!" என்றாளாம். ஜெயித்தார்களா, தோற்றார்களா என்று கேட்கப் பெரியவர் மறந்தே போய்விட்டார்.