சீனர் பெயரும் சேலத்தார் பெயரும்

சீன எழுத்தாளர் இலூ சுன் 1921இல் எழுதிய ‘பிறந்தவூர்’ என்னுங் கதையில் உருன்தூ என்றொரு சிற்றூர்ச் சிறுவன் வருகின்றான். அவன் பிறப்பைக் கணித்து, ஐம்பூதங்களுள் மண் குறைவெனக் கண்ட தந்தை, மண் எனப் பொருள்படும் ‘தூ’ என்னுஞ் சொல்லை அவன் பெயரிலேயே சேர்த்துவிட்டான். சீனர்க்கு ஐம்பூதம் மரம், தீ, மண், மாழை, நீர் என்பன. வளியும் விசும்பும் அவர் கணக்கில் இல்லை. ஒன்று மற்றொன்றைப் பிறப்பிக்கும் என்பது அவர் கொள்கை. மிங்கு அரசமரபில் (1368–1644) தந்தை பெயரெழுத்தில் மரக்குறி இருப்பின் மகன் பெயரில் தீக்குறியும் பெயரன் பெயரில் மண்குறியுமாக, மாழை, நீர் வரை சென்று, மீண்டும் மரத்திற்கே திரும்பும்.

இக்கணிப்பு குருட்டு நம்பிக்கையே, ஐயமில்லை. ஆயினும் சீனக் கணியன் எக்குறை சொன்னாலும் அது சீனச் சொல்லாலேயே நிரப்பப்பட்டது.

சேலம், நாமக்கல் ஊர்ப்புறங்களில் நடப்பதென்ன? பிள்ளை பிறந்தவுடன் நாண்மீனுக்குரிய எழுத்தைக் கேட்டு ஓடுகின்றனர். சுவாதி என வழங்கும் நாளுக்கு ‘ரு, ரே, ரோ, த’ என்று எழுதித் தருகின்றான் கணியன். ரகரம் தமிழில் மொழிமுதல் வாராதென்று தொல்காப்பியம் வகுத்திருக்க, நான்கில் மூன்றெழுத்து தமிழ்ப்பெயருக்கே இடந்தராதவை! பிள்ளை வாய் திறக்குமுன்பே தமிழை இழக்கின்றது. பெயருக்குப் பொருள் கேட்டால் பெற்றோரே விழிக்கின்றனர். பாட்டிக்கோ அப்பெயர் நாவிலேயே நிற்பதில்லை.

அப்பாட்டியின் காலத்தில் மேட்டூர் முதல் மோகனூர் வரை ஆற்றங்கரை ஊர்களில் காவேரி என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் பெயர். முன்பிறந்த பிள்ளைகள் இறந்துபடின், அடுத்ததைக் குப்பையிற் கிடத்தியெடுத்துக் குப்பன், குப்பாயி என்றழைத்தனர். மண்ணாங்கட்டி என்றும் இட்டனர். இன்று நகைப்புக்குரியனவாகிவிட்ட இப்பெயர்களுள் ஒரு தாயின் நடுக்கம் இருந்தது. உருன்தூவின் தந்தையும் அதே நடுக்கத்தோடுதான் மண்ணை நாடினான்.

குப்பன் என்றே இடுக என்பாரில்லை. நிலத்திற்கு நிலமங்கை, நீருக்குப் பொன்னி, தீக்கு அழலேந்தி, வளிக்குத் தென்றல், விசும்புக்கு வானவன் எனத் தமிழில் ஐந்தற்கும் பெயருண்டு. சேலம் நகராண்மைக் கல்லூரியில் 1944 முதல் 1956 வரை தமிழ் பயிற்றிய பாவாணர், தேவநேசன் என்னுந் தம் பெயரைத் தேவநேயன் என மாற்றிக்கொண்டார். அவரிடம் அங்கே பயின்ற இராசமாணிக்கமே பெருஞ்சித்திரனார்.

பிறப்பைப் பெயரின்றியே பதிந்துவிட்டு, ஓராண்டிற்குள் கட்டணமின்றிப் பெயர் சேர்க்கலாம். கணியன் வீட்டு வாயிலில் நிற்கும் தந்தை, ஓர் அகரமுதலியைப் புரட்ட அந்த ஓராண்டு போதாதா?