ஓட்டை வண்டியா? ஓட்டை வேலையா?

நம் கேன்டீனில் கார் பற்றிப் பேச்சு வந்தால் யாருக்கும் வாய் ஓயாது. ஆனால் ஒருத்தன் எழுந்து "எங்க வீட்ல ஒரு பழைய மாருதி நிக்குது" என்று சொல்லிப் பார்க்கட்டும். "அது தள்ளு மாடல்டா!" என்று மேஜையைத் தட்டிச் சிரிப்பார்கள். சிரிக்கிறவர்களில் பாதிப் பேர் மெக்கானிக்கல், மீதிப் பேர் ஆட்டோமொபைல்! டாக்டருக்குப் படிக்கிறவன் நோயாளியைப் பார்த்துச் சிரித்தால் எப்படி இருக்கும்?

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய வண்டி நடுரோட்டில் நிற்பதற்கு வயசு ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம், என்ன கோளாறு என்று பார்க்காமலேயே சாமானை மாற்றுகிற பழக்கம்.

எங்கள் வீட்டு வண்டியை வைத்தே சொல்கிறேன். அப்பா வாரச் சந்தைகளில் நைட்டி, துண்டு, லுங்கி விற்கிறவர். 2021-இல் 1997 மாடல் மாருதி ஓம்னி ஒன்றை வாங்கினார். தெரியாதவர்களுக்காக: 796 சி.சி., மூன்று சிலிண்டர், முன் சீட்டுக்கு அடியிலேயே இன்ஜின். சீட்டைத் தூக்கினால்தான் வேலை பார்க்க முடியும். எங்களுடையது கார்புரேட்டர் வண்டி, பாயின்ட் வைத்த டிஸ்ட்ரிபியூட்டர்.

2023 கோடையில் அது மக்கர் பண்ண ஆரம்பித்தது. காலையில் ஒரே செல்ஃபில் கிளம்பும். முக்கால் மணி நேரம் ஓடியதும் இருமும், குலுங்கும், அப்படியே ஆஃப் ஆகிவிடும். அரை மணி ஆறப்போட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடி ஸ்டார்ட் ஆகும்! சந்தைக்குப் பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தால் நல்ல இடமெல்லாம் போயிருக்கும். ஒரு சந்தை தவறினால் அந்த வார யாவாரம் போச்சு. தண்டல்காரர் மட்டும் தவறாமல் வருவார்.

ஒரு ஒர்க்ஷாப்பில் "பெட்ரோல் பம்ப் வீக்" என்றார்கள், மாற்றினோம். இன்னொரு இடத்தில் கார்புரேட்டரைக் கழற்றி மாட்டினார்கள். மூன்றாவது இடத்தில் புதுக் காயில். ஒவ்வொரு தடவையும் வண்டி ஆறியிருக்கும்போது ஓட்டிப் பார்த்து "சரியாப் போச்சுண்ணே" என்று சாவியைக் கொடுத்துவிடுவார்கள். நாலு மாசத்தில் ரூ.11,000 போனது. என் அட்மிஷனுக்கு எடுத்து வைத்திருந்த பணம் அதில் சேர்த்தி.

கடைசியில் சந்தைப்பேட்டைக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கும் ஒரு வயசான மெக்கானிக்கிடம் போனோம். மனுசன் ஸ்பேனரையே எடுக்கவில்லை. "ஓடட்டும் தம்பி, நிக்கிற வரைக்கும் ஓடட்டும்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். வண்டி நின்றதும்தான் சீட்டைத் தூக்கினார். ஒரு பிளக்கைக் கழற்றி ஒயரோடு இன்ஜினில் எர்த் பண்ணி, என்னைச் செல்ஃப் அடிக்கச் சொன்னார். பொறி வந்தது. ஆனால் நீலமாகச் சுள்ளென்று வரவில்லை, மஞ்சளாகச் சோம்பேறித்தனமாக வந்தது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தால் பாயின்ட் கருகிக் கிடந்தது. "கண்டன்சர் அடி வாங்கியிருக்கு. சூடானா வேலை செய்யாது" என்றார். கண்டன்சரின் விலை நூறு ரூபாய்க்குள்! பாயின்ட்டையும் மாற்றி, ஃபீலர் கேஜ் வைத்து இடைவெளி பிடித்து, கூலியோடு ரூ.350 வாங்கினார். அந்தக் கோளாறு திரும்பி வரவே இல்லை.

அவர் செய்ததில் மந்திரம் எதுவும் இல்லை. பெட்ரோல் இன்ஜின் ஓட வேண்டுமானால் சரியான கலவை, சரியான நேரத்தில் பொறி, போதுமான கம்ப்ரஷன் மூன்றும் வேண்டும். நாமும் பரீட்சைக்கு எழுதி மார்க் வாங்குகிற பாடம்தான் இது. கோளாறு இருக்கும்போதே இந்த மூன்றில் எது இல்லை என்று பார்த்தார். மற்றவர்கள் கோளாறு ஒளிந்துகொண்ட பிறகு தேடினார்கள்.

"இப்பத்தான் எல்லாத்துக்கும் ஸ்கேனர் இருக்கே, இந்தக் கண்டன்சர் கதையெல்லாம் எதுக்குடா?" என்று கேட்கலாம். ஸ்கேனரை மாட்டினால் பி0301 என்று காட்டும். முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர் என்று அர்த்தம், அவ்வளவுதான். பிளக்கா, காயிலா, இன்ஜெக்டரா, வால்வு எரிந்து கம்ப்ரஷன் இல்லையா என்று அது சொல்லாது. கோடைப் பார்த்ததும் காயிலை மாற்றச் சொல்லிப் பில் போடுகிறவன் எங்களுக்குப் பம்ப் மாற்றியவனின் தம்பிதான். கையில் இருக்கும் டப்பா மட்டும் புதுசு.

இன்னொரு கூட்டமும் இருக்கிறது. "அந்தக் கால வண்டி இரும்பு மாதிரி, ஓல்டு ஈஸ் கோல்டு" என்று உருகுவார்கள். அவர்களோடும் நான் சேரவில்லை. ஓம்னியில் டிரைவரின் முழங்காலுக்கு முன்னால் இருப்பது ஒரு தகரம்தான். 2019-இல் புதிய மோதல் பாதுகாப்பு விதிகள் வந்தபோது அதன் தயாரிப்பே நின்றுபோனது. அதனால் எங்கள் வீட்டில் ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். பெயின்ட், சீட் கவர், பாட்டு எல்லாம் கடன் சொல்லலாம். பிரேக், டயர், ஸ்டியரிங் மூன்றுக்கும் கடன் கிடையாது. பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய ஆயில் இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடித்தால் கொதித்துவிடும், பெடல் தரைவரை போகும். எங்கள் ஊர்ப்பக்கம் எத்தனை பேர் பிரேக் ஆயிலை நேரத்துக்கு மாற்றுகிறார்கள்? சிறுமலை இறக்கத்தில் அம்மா முன் சீட்டில் உட்கார்ந்திருக்கும்போது எனக்கு இந்த நினைப்புத்தான் வரும்.

பழைய வண்டி சல்லிசு என்பதும் பாதிப் பொய். 15 வருஷம் தாண்டிய காருக்குப் பதிவைப் புதுப்பிக்கிற கட்டணம் 2022 ஏப்ரலில் ரூ.600-இலிருந்து ரூ.5,000 ஆனது. எங்கள் வண்டிக்கு முறை வந்தது அந்த வருஷம்தான்! 20 வருஷம் தாண்டியவற்றுக்கு 2025-இல் இன்னும் ஏற்றினார்கள். பசுமை வரி தனி. வாங்கப் போகிறவர்கள் இதையெல்லாம் விலையோடு சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். "நான் வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்க" என்று விற்கிறவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஆறிய இன்ஜினில்தான் உண்மை தெரியும். காந்தம் ஒட்டாத இடத்தில் பட்டி தடவியிருப்பார்கள். ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பாக்கி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஆனாலும் எங்களை மாதிரி வீடுகளுக்குப் பழைய வண்டியை விட்டால் வேறு வண்டி இல்லை. அவர்கள் பணத்தைக் காப்பாற்ற வேண்டிய கைகளில் நம் கையும் ஒன்று. அந்தக் கைக்குப் பழக்கம் எங்கே கிடைக்கிறது? நம் லேபில் இருப்பது வெட்டிக் காட்டிய இன்ஜின். அழகாகச் சிவப்பும் பச்சையும் அடித்திருக்கிறார்கள். ஓடாத இன்ஜினில் கோளாறு எப்படி வரும்?

மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். சைக்கிள் ஸ்டாண்டு வேப்ப மரத்தடியில் கல்லூரியின் பழைய ஜீப் ஒன்று நிற்கிறது. ஏலத்துக்குப் போகும்முன் அதை இறுதியாண்டு மாணவர்களிடம் ஒரு வருஷம் கொடுக்கச் சொல்லி முதல்வரிடம் கேளுங்கள். சனிக்கிழமை மதியம் எங்களுக்கு வகுப்பு இல்லை. வாத்தியார் ஒருவர் வேண்டுமென்றே ஒரு ஒயரைக் கழற்றி விடட்டும், ஒரு பிளக்கைக் கெடுத்து வைக்கட்டும். என்ன கோளாறு என்று காரணத்தோடு எழுதிக் கொடுக்காமல் யாரும் ஸ்பேனரைத் தொடக்கூடாது. இன்ஜின் கையால் சுற்றுகிறது, நான் போன வாரம் பார்த்தேன். பேட்டரி ஒன்றுதான் வாங்க வேண்டியிருக்கும்.